பைபோலார் சிகிச்சை பற்றிப் பேச அழைத்திருக்கிறார்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முதல் உரைக்குத் தயாராகும் உளவியலாளருக்கு

மார்ச் 30 உலக இருதுருவ நாள், அதாவது மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய்க்கான நாள். அக்டோபர் 10 உலக மனநல நாள். பெரும்பாலும் இந்த இரண்டு தேதிகளை ஒட்டித்தான் அழைப்பு வரும். "ஒரு மணி நேரம் பைபோலார் பத்திப் பேசுங்க மேடம், நீங்க என்ன பேசினாலும் சரி" என்பார் ஏற்பாட்டாளர். தேதிக்குச் சம்மதம் சொல்லுங்கள். என்ன பேசுவது என்பதை மட்டும் அப்படி விட்டுவிடாதீர்கள்.

இந்த நோயைப் பற்றிய உரைகள் பலவும் ஒரே மாதிரிதான் போகின்றன. அறிகுறிகளுக்கு நாற்பது நிமிடம், நன்றி சொல்வதற்கு முன் சிகிச்சைக்கு ஐந்து நிமிடம். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்க் கோபக்கார மைத்துனருக்குப் பைபோலார் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆனால் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு, நாலு மாதமாக நன்றாக இருக்கும் மகன் "இனி மாத்திரை எதுக்கு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமலே போகிறது. அந்த அம்மாவுக்காகத்தான் உரையைத் தயாரிக்க வேண்டும் என்பது என் கட்சி. நோய் ஏறியிருக்கும்போது செய்ய வேண்டியதை ஆஸ்பத்திரி செய்துகொள்ளும். ஆள் நன்றாக இருக்கும் மாதங்களில் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை.

ஒத்துக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

யார் வருகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. நர்சிங் கல்லூரி மாணவிகளா, மகளிர் சுய உதவிக் குழுவா, ஓசூர் சிப்காட்டில் ஏதாவது கம்பெனியின் தொழிலாளர்களா? ஒரே உரை மூன்று இடத்திலும் எடுபடாது. கல்லூரியில் பேசினால், இந்த நோய் பெரும்பாலும் பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குள் தலைகாட்டும் என்பதே அவர்களுக்கு முக்கியச் செய்தி. கம்பெனியில் ஷிப்ட்டும் தூக்கமும். சுய உதவிக் குழுவில் கடனும் குடும்பமும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் வருகிறார்கள் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுப் படியேறிக் கொடுக்கிறவர்கள் அவர்கள். "உடம்பு நல்லா இருக்குன்னு மாத்திரையை நிறுத்திட்டேன்" என்ற வசனத்தை நம்மைவிட அதிகம் கேட்டிருப்பார்கள். பைபோலார் மாத்திரையையும் பி.பி. மாத்திரை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றாலே பாதி விஷயம் அவர்களுக்கு விளங்கிவிடும்.

அடுத்தது மொழி. ஓசூர், தளி, பாகலூர், சூளகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் ஏராளம். தமிழ் புரியும். ஆனால் மனசுக்குள் நடப்பதைச் சொல்ல வரும்போது வீட்டு மொழிக்குத்தான் போவார்கள். கேள்வி நேரத்துக்காவது அந்த மொழி தெரிந்த ஒரு செவிலியரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், "நோயாளி ஒருத்தரை மேடையில் பேசவைக்கலாமா?" என்று ஏற்பாட்டாளர் ஆசைப்படுவார். அவராக விரும்பி, நிலையாக இருக்கும் காலத்தில், என்ன சொல்வது என்று முன்கூட்டி உட்கார்ந்து பேசி, கடைசி நிமிடத்திலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு வந்தால் சரி. இல்லையென்றால் வேண்டாம். பக்கத்து ஊர்க்காரர் நாலு பேராவது உட்கார்ந்திருக்கும் கூட்டம் அது. நாளைக்கு அவர் வீட்டில் பெண் எடுக்க வருகிறவர்களும் அதில் இருக்கலாம்.

உங்கள் எல்லை எது

உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. ஆனால் பைபோலார் சிகிச்சையைப் பற்றிப் பேச வந்துவிட்டு மருந்தைத் தொடாமல் போகவும் முடியாது, ஏனென்றால் இந்த நோயில் மருந்துதான் அடித்தளம், நம் பேச்சுச் சிகிச்சை அதன்மேல் நிற்பது. எனவே மருந்துப் பகுதியை எழுதி முடித்ததும் தெரிந்த மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். அவரையே பத்து நிமிடம் வந்து பேசச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. மேடையில் யாராவது சீட்டை நீட்டி "இந்த டோஸ் சரியா?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: எழுதிய டாக்டரைக் கேளுங்கள்.

ஒரு மணி நேரத்தைப் பிரிப்பது

நோய்க்குப் பத்து நிமிடம், மருந்துக்குப் பதினைந்து, வாழ்க்கைமுறைக்கும் குடும்பத்துக்கும் இருபது, கேள்விக்குப் பதினைந்து. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் உங்கள் நேரத்தில்தான் கைவைக்கும். அப்போது வெட்ட வேண்டியது முதல் பத்து நிமிடத்தை. கேள்வி நேரத்தைத் தொடாதீர்கள்.

நோயைச் சொல்லும் பத்து நிமிடம்

பட்டியல் வாசிக்காமல் ஒரு கதை சொல்லுங்கள். அது உங்களிடம் வந்தவர் கதையாக இருக்கக் கூடாது. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். "பாலக்கோடு பக்கம் ஒரு ஆட்டோக்காரர்" என்று ஆரம்பித்தால் மூன்றாவது வரிசையில் ஒருவர் தலையாட்டிக்கொண்டிருப்பார். முழுக்கக் கற்பனையாகவே கட்டுங்கள், அது கற்பனை என்பதையும் சொல்லிவிடுங்கள். இப்படி ஒன்று:

ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி போடும் முப்பது வயது விவசாயி. மாசி மாதம் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ச் சொட்டுநீர்க் குழாயை அடைப்பெடுக்கிறார். மறுநாளும் அப்படியே. பகலில் அசதியே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. நாலாம் நாள் மண்டிக்காரர்களை விட்டுவிட்டுப் பெங்களூருக்கு நேரடியாகவே லாரி விடப்போவதாகச் சொல்கிறார். மனைவியின் தோடு அடகுக்குப் போகிறது, டிராக்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. பேச ஆரம்பித்தால் நடுவில் புக முடியவில்லை. புகுந்தால் கோபம். ஒரு வாரம் தாண்டும்போது டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவரோடு கைகலப்பு. ஆடி மாதம் அதே ஆள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். குளிப்பதில்லை. பழுத்த காய் செடியிலேயே அழுகுகிறது. கடன்காரர்களுக்குப் பயந்து போனை அணைத்து வைத்திருக்கிறார். "சோம்பேறி" என்கிறார் அப்பா.

கதையை முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நாளில் இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாம்? பாதிப் பேர் கைகலப்பு நாளைச் சொல்வார்கள். தூங்காமலே அசதி இல்லாமல் இருந்தாரே, அந்த இரண்டாம் மூன்றாம் நாள் யாருக்கும் தோன்றாது. அப்போது எல்லோரும் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குப் பிறகு வரையறை நாலே வரி போதும். மனஎழுச்சி ஒரு வாரமாவது நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அது முதல் வகை; ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனால் நாள் கணக்கே வேண்டாம். நாலு நாளாவது நீடிக்கும் மென்மையான எழுச்சியோடு, இரண்டு வாரமாவது நீடிக்கும் மனச்சோர்வும் வந்திருந்தால் இரண்டாம் வகை. ஒரே நாளில் காலையில் சிரிப்பு, மாலையில் அழுகை என்பது இந்த நோயின் அடையாளம் அல்ல. இதை அழுத்திச் சொல்லுங்கள், மைத்துனர்கள் தப்பிப்பார்கள். இன்னொன்று: வெளியே தெரிவது எழுச்சிதான் என்றாலும் நோயாளி அதிகக் காலம் கழிப்பது சோர்வில். முதல் வகை நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, எழுச்சியில் கழிந்த வாரங்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல் சோர்வில் கழிந்திருந்தது.

எண்ணிக்கை வேண்டுமென்றால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு இருக்கிறது. தமிழ்நாடும் அதில் இருந்த 12 மாநிலங்களில் ஒன்று. வாழ்நாளில் இந்த நோய் கண்டவர்கள் சுமார் 0.5 சதவீதம், அதாவது இருநூறு பேருக்கு ஒருவர். நோயுள்ளவர்களில் 70 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை. இரண்டாவது எண் போதும், முதல் எண்ணை யாரும் நினைவில் வைத்திருக்கப்போவதில்லை.

மருந்துப் பகுதி: லித்தியத்தில் நில்லுங்கள்

எல்லா மருந்தையும் சொல்ல முயன்றால் எதுவும் நிற்காது. லித்தியத்தை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் சொல்வது என் பழக்கம். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மனஎழுச்சிக்கு இதைப் பயன்படுத்தியதிலிருந்து இன்றுவரை இதன் இடத்தை வேறெதுவும் முழுசாகப் பிடிக்கவில்லை. எழுச்சியும் சோர்வும் திரும்ப வருவதைக் குறைப்பதோடு தற்கொலை அபாயத்தையும் குறைக்கும் மருந்து என்பதால் மருத்துவர்கள் இதை அவ்வளவு லேசில் விடுவதில்லை.

சிக்கல் என்னவென்றால், ரத்தத்தில் இதன் அளவு ஒரு குறுகிய வரம்புக்குள் இருக்க வேண்டும். தொடர் சிகிச்சையில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை. 1.5 தாண்டினால் விஷமாக மாறத் தொடங்கும். ரத்தப் பரிசோதனை கடைசி மாத்திரை போட்டுச் சுமார் 12 மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். இங்கே ஒரு நடைமுறைத் தகவலைச் சேருங்கள்: பரிசோதனை அன்று காலை மாத்திரையைக் கையில் வைத்திருந்து, ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டு முதல் பஸ் பிடித்து லேப்புக்கு வந்தவருடைய அளவு தப்பாகத்தான் காட்டும். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உண்டு.

இனி நம் ஊர் விஷயம். இதைச் சென்னையில் எழுதிய கையேட்டில் தேடினாலும் கிடைக்காது. இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதற்காகத்தான். பல வருடம் அந்த நீரைக் குடித்தவர்களுக்கு மூட்டுவலி, முதுகுவலி. வலி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவதும் பழக்கம். அது டைக்ளோஃபெனாக்காகவோ ஐபுப்ரோஃபென்னாகவோ இருந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவது குறைந்து ரத்தத்தில் அளவு ஏறிவிடும். ஆக, லித்தியம் எடுப்பவர் மெடிக்கலில் வலிமாத்திரை கேட்கும் முன் "நான் லித்தியம் போடுறேன்" என்று சொல்ல வேண்டும். சில பி.பி. மாத்திரைகளும், முக்கியமாகச் சிறுநீர் பிரியவைக்கும் தயாசைடு வகை, இதே வேலையைச் செய்யும். இரண்டு டாக்டரிடம் காட்டுகிறவர் இரண்டு சீட்டையும் ஒன்றாக எடுத்துப் போகட்டும்.

வெயிலும் அப்படித்தான். சித்திரை, வைகாசியில் நாள் முழுக்கக் காட்டுவேலை, வேர்த்துக் கொட்டுவது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, வாந்தி பேதி, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், பி.பி. வந்துவிட்டது என்று உப்பைத் திடீரென நிறுத்துவது, இவை எல்லாமே அளவை ஏற்றும். கை நடுக்கம் திடீரென அதிகமாவது, வாந்தி, நாக்குக் குழறல், தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு. இந்த நாலையும் கூட்டத்தைத் திருப்பிச் சொல்லவையுங்கள். வெட்கப்பட வேண்டாம், சொல்வார்கள்.

மற்ற மருந்துகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி போதும். வால்ப்ரோயேட் கருவில் குழந்தையின் மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கக்கூடியது என்பதால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு முடிந்தவரை தவிர்க்கிறார்கள். எடுத்துக்கொண்டிருப்பவர் பயந்துபோய்த் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். லாமோட்ரிஜினில் தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். ஒலான்ஸபின் போன்றவற்றில் எடையும் சர்க்கரையும் ஏறலாம். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு எழுச்சி கிளம்பிவிடும், அதனால் சோர்வோடு டாக்டரிடம் போகும்போது "முன்னாடி ஒருதடவை தூங்காம ஓடிட்டே இருந்தார்" என்பதையும் குடும்பம் சொல்ல வேண்டும். பக்கவிளைவுகளை மறைக்காதீர்கள். மேடையில் மறைத்ததை அவர்கள் யூடியூபில் பார்த்துக்கொள்வார்கள், அங்கே பயமுறுத்தி அனுப்புவார்கள்.

நன்றாக இருக்கும் மாதங்கள்

உரையின் நடுப்பகுதி இதுதான். அவசரம் வேண்டாம்.

ஆதாரம் கேட்கிறவர்களுக்குப் பார்சிலோனா ஆய்வைச் சொல்லுங்கள். ஃபிரான்செஸ்க் கொலோம், எட்வர்ட் வியெட்டா குழுவினர் 2003இல் வெளியிட்டது. மருந்தோடு சேர்த்து 21 குழு அமர்வுகளில் நோய்க்கல்வி கொடுத்தார்கள், இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள், திரும்ப நோய் கிளம்பியவர்கள் குறைந்தார்கள். எனக்குப் பிடித்த விவரம் வேறு: அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஆறு மாதமாவது நிலையாக இருந்தவர்கள். அதாவது நோய் ஆடும்போது பாடம் நடத்தவில்லை, அடங்கியிருக்கும்போது நடத்தினார்கள். "நல்லாத்தானே இருக்கான், இப்ப எதுக்குக் கவுன்சலிங்?" என்று கேட்கும் அப்பாவுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அடுத்தது தூக்கம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த எலன் ஃபிராங்க் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. தினமும் ஐந்து நேரங்களைக் குறித்துவைக்கச் சொல்வார்: படுக்கையை விட்டு எழுந்தது, முதல் ஆளிடம் பேசியது, வேலை தொடங்கியது, ராச்சாப்பாடு, படுத்தது. இந்த ஐந்தும் நாளுக்கு நாள் அதிகம் நகராமல் இருந்தால் மனநிலையும் அதிகம் நகராது என்பது கணக்கு. ஒரு பழைய டைரியும் பேனாவும் போதும். எழுத வராதவருக்கு வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக்கொடுக்கும்.

இங்கே தூக்கத்தைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று ஓசூர் நைட் ஷிப்ட். வாரம் மாறி வாரம் ஷிப்ட் சுற்றும் வேலை பைபோலார் உள்ளவருக்கு ஆகாது. நிலையான பகல் ஷிப்ட் கேட்க மருத்துவர் கடிதம் உதவும். நோயின் பெயரைக் கம்பெனியில் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. தூக்கக் கோளாறுக்குச் சிகிச்சையில் இருப்பதாக மட்டும் கடிதத்தில் எழுதித்தர முடியுமா என்று அவர் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று கூத்து. கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் போட்டால் பகலில் சொற்பொழிவு, ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து, பதினெட்டு நாள் தாண்டியும் போகும். துரியோதனன் வதமான படுகளத்தைப் பார்க்காமல் இருக்கச் சொல்லி எந்த ஊரில் நீங்கள் பேசிவிட முடியும்? நான் சொல்வதில்லை. எல்லா ராத்திரியும் விழிக்காமல் பார்க்க விரும்பும் ஒரு ராத்திரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம், அதையும் மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு. படுகளம் பகலில்தான் நடக்கிறது என்பது நமக்குச் சாதகம். வேஷம் கட்டி ஆடுகிற கலைஞரே நோயாளியாக இருந்தால் நிலைமை வேறு. அதை மேடையில் தீர்க்க முடியாது, தனியாக உட்கார்ந்துதான் பேச வேண்டும். அந்தச் சீசனில் வெயிலும் சேர்ந்துகொள்கிறது என்பதை லித்தியம் பகுதியோடு முடிச்சுப்போடுங்கள்.

இந்த இடத்தில் கூட்டத்துக்கு அரைத்தாள் ஒன்று கொடுங்கள். அச்சடிக்கவோ ஜெராக்ஸ் எடுக்கவோ பெரிய செலவில்லை. மூன்றே தலைப்பு: தூக்கம், பேச்சு, பணம். போன தடவை உடம்பு கெடுவதற்கு முந்தின வாரம் இந்த மூன்றிலும் என்ன மாறியது என்று எழுதச் சொல்லுங்கள். "விடியக்காலை மூணு மணிக்கு வாட்ஸாப் ஸ்டேட்டஸ் போட ஆரம்பிச்சார்", "பேசாத சித்தப்பாவுக்குப் போன் பண்ணினார்", "வேலைக்காரருக்கு ஐநூறு ரூபாய் நோட்டா எடுத்துக் கொடுத்தார்" என்று வரும். ஆளுக்கு ஆள் வேறு வேறுதான், ஆனால் அதே ஆளுக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே வரிசைதான் திரும்பும். அதனால் இந்தத் தாள் அந்த வீட்டுக்கு எந்தக் கையேட்டையும்விடப் பெறுமதி. நோய் இல்லாத வீட்டார் சும்மா வாங்கி மடித்து வைத்துக்கொள்ளட்டும், யாருக்கு எதற்கு என்று கேட்காதீர்கள்.

தாளின் பின்பக்கம் ஒப்பந்தம். இதை நோயாளி நன்றாக இருக்கும்போது அவரே சொல்ல, வீட்டார் எழுத வேண்டும். தூக்கம் இரண்டு ராத்திரி குறைந்தால் யார் டாக்டருக்குப் போன் செய்வது, ஏ.டி.எம். கார்டும் வண்டிச் சாவியும் யாரிடம் இருக்கும், பத்தாயிரத்துக்கு மேல் செலவென்றால் எத்தனை நாள் பொறுப்பது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போக அவருக்குச் சம்மதம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இதன் ஒரு பகுதிக்குச் சட்ட வடிவமே கொடுக்கிறது: எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம், தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கலாம். நோய் ஏறிய பிறகு சாவியைப் பிடுங்கினால் அது சண்டை. அவரே முன்பு சொன்னபடி வாங்கினால் சண்டை சின்னதாக இருக்கும். இல்லாமல் போகாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. குறை சொல்லிக்கொண்டே இருக்கும் வீட்டில் நோய் சீக்கிரம் திரும்பும் என்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம். டேவிட் மிக்லோவிட்ஸ் உருவாக்கிய குடும்ப சிகிச்சை இதைச் சுற்றித்தான்: நோயைப் புரிந்துகொள்வது, பேசும் விதம், பிரச்சினையைச் சேர்ந்து தீர்ப்பது. மேடையில் ஒரு எடுத்துக்காட்டு காட்டினால் போதும். "மாத்திரை போட்டியா இல்லையா, உன்னால குடும்பமே நாசம்" என்பதற்குப் பதில், "தண்ணி வச்சிருக்கேன், மாத்திரை போட்டுக்க" என்று ஒரே ஒருமுறை. அப்புறம் நகர்ந்துவிட வேண்டும். அவர் சிரித்தாலே "ஏறிடுச்சா?" என்று பார்ப்பதும் ஒரு தொல்லைதான்.

கட்டாயம் வரும் கேள்விகள்

"கல்யாணம் பண்ணிவச்சா சரியாகிடுமா?" இது வராத கூட்டமே இல்லை. சரியாகாது. கல்யாணம் செய்யக் கூடாதா என்றால் அதுவும் இல்லை. நிலையாக இருந்து, எதிர்த்தரப்புக்குச் சொல்லிவிட்டுச் செய்யலாம். மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் முதல் பலி மாத்திரைதான், ஒளித்துப் போட முடியாமல் நின்றுபோகும். பெண்ணாக இருந்தால் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் அபாயமானவை என்பதையும் சேருங்கள். பச்சைக்குழந்தையோடு தூக்கம் கெடும் காலம் அது. கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரோடு திட்டம் போட வேண்டும்.

"பிள்ளைக்கு வருமா?" பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். ஆனாலும் அப்படிப் பிறக்கும் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு இந்த நோய் வராமலே போகிறது.

"செய்வினை, காத்துக் கருப்பு?" கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொன்னால் அந்த நிமிடமே கூட்டத்தை இழப்பீர்கள். மந்திரித்துக்கொள்ளட்டும், தாயத்துக் கட்டிக்கொள்ளட்டும், மாத்திரை நிற்கக் கூடாது, அடிக்கவோ கட்டிப்போடவோ கூடாது. சங்கிலியால் கட்டுவதைச் சட்டமே தடைசெய்திருக்கிறது.

"கரண்ட் ஷாக் கொடுப்பாங்களா?" சினிமா பார்த்த பயம் இது. கடுமையான நிலையில் பயன்படும் சிகிச்சைதான். மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் கொடுப்பது 2017 சட்டப்படி தடை.

"எத்தனை நாள் மாத்திரை?" நேர்மையாகச் சொல்லுங்கள்: பலருக்குப் பல வருடம், சிலருக்கு வாழ்நாள் முழுக்க. நிறுத்துவதானாலும் மருத்துவர் மேற்பார்வையில் மெல்லக் குறைக்க வேண்டும். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் அடுத்த சில மாதங்களிலேயே நோய் திரும்பும் ஆபத்து அதிகம்.

குடியைப் பற்றி ஆண்கள் மேடையில் கேட்க மாட்டார்கள். நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: தூக்கத்தைக் கெடுக்கும், மாத்திரையோடு மோதும், வெயிலில் உடம்பில் நீரை வற்றவைக்கும்.

தற்கொலை பற்றிப் பேசும்போது

தவிர்க்க முடியாத தலைப்பு, ஆனால் முறைகளை விவரிக்க வேண்டாம், பேப்பரில் வந்த சம்பவத்தையும் எடுக்க வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது என்பதைச் சொல்லுங்கள். பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காமல் பூட்டிய இடத்தில், சாவி வேறொருவரிடம் இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். விவசாய வீடுகளில் இந்த ஒரு பழக்கம் உயிர் காக்கும். முயற்சி செய்து பிழைத்தவரைப் போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராமல் இருக்கிறார்கள். அவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பேனரின் அடியில் பெரிதாக அச்சடிக்கச் சொல்லுங்கள், ஏற்பாட்டாளரின் போட்டோவைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளட்டும்.

எங்கே போவது என்று கேட்டால்

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டிலும் மனநலப் பிரிவைக் கேட்டுப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வரும் கிழமைகள் மாறும். உரைக்கு முந்தின வாரம் போன் செய்து உறுதிப்படுத்தி, பென்னாகரத்துக்கு எந்த நாள், அரூருக்கு எந்த நாள், தேன்கனிக்கோட்டைக்கு எந்த நாள் என்று அரைத்தாளிலேயே அச்சிடுங்கள். ஓசூர்ப் பக்கத்தார் நிம்ஹான்ஸுக்குத்தான் போவார்கள், அதே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. போகட்டும். ஆனால் மாதாமாதம் அங்கே போக ஒருநாள் கூலி போகிறது என்று மாத்திரையே நின்றுவிடுகிறது. அங்கே எழுதிய சீட்டை வைத்து உள்ளூர் அரசு மருத்துவமனையில் தொடர முடியுமா என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

அன்றைய தினம்

ஸ்லைடு பத்துக்குள். கரண்ட் போனாலும் பேச முடிய வேண்டும். மூளைப் படம் ஒன்றுகூட வேண்டாம் என்பேன். கேள்விகளைத் துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுதி வாங்குங்கள், ஒரு டப்பா வையுங்கள். கை தூக்கிக் கேட்பவர் கேட்பது ஒன்று, சீட்டில் எழுதுபவர் கேட்பது வேறொன்று. உள்ளூர் நிருபரோ கல்லூரிக் கேமராக்காரரோ கூட்டத்தைப் படமெடுக்க வந்தால், உங்களை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. யார் சிகிச்சையில் இருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியாத கூட்டம் அது.

முடிந்ததும் உடனே காரில் ஏறாதீர்கள். அரைமணி நேரம் நில்லுங்கள், வாசலில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி. "எங்க பக்கத்து வீட்ல ஒருத்தர்" என்று தொடங்கித் தன் வீட்டைச் சொல்வார்கள். அங்கேயே நோய் இது என்று முடிவு சொல்ல வேண்டாம். கேளுங்கள், எந்த நாள் எந்த ஆஸ்பத்திரி என்று எழுதிக்கொடுங்கள், ஓ.பி. சீட்டு எந்த நேரத்துக்குள் போட வேண்டும் என்றும் சொல்லுங்கள். அவசரம் என்று பட்டால் உங்கள் போனிலேயே 108ஐயோ 14416ஐயோ அழைத்துக் கொடுங்கள்.

பதில் சொல்ல நேரமில்லாமல் டப்பாவில் மிஞ்சிய சீட்டுகளைத் தூக்கிப்போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பதில்களை ஒரு பக்கத்தில் எழுதி அடுத்த வாரத்துக்குள் ஏற்பாட்டாளருக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, வந்தவர்களுக்குச் சேர்க்கச் சொல்லுங்கள். சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள், கையெழுத்து தெரிந்தவர்கள் இருப்பார்கள்.